நாற்றுக்குப் பத்து வருஷம், பொட்டலத்துக்கு ஒரு வருஷம்

தம்பி, உனக்குக் கஞ்சா வேண்டுமென்றால் வெளியே போய் வாங்கிக்கொள். தயவுசெய்து வீட்டுக்குள் வளர்க்காதே.

இதைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகனாகச் சொல்கிறேன். 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், என்டிபிஎஸ் என்று கோர்ட் வாசலில் சொல்வார்களே அது, தன் 20ஆம் பிரிவில் உன்னையும் உன் பொட்டலக்காரனையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துக் கணக்குப் பார்க்கிறது. ஒரு கிலோவுக்குள் இருந்தால் அது ‘சிறிய அளவு’. வைத்திருந்தாலும் சரி, வாங்கினாலும் சரி, விற்றாலும் சரி, அதிகபட்சம் ஒரு வருஷம் சிறை, இல்லாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லாவிட்டால் இரண்டும். ஒரு கிலோவை ஐந்து கிராம் பொட்டலமாகக் கட்டினால் இருநூறு பொட்டலம். அதில் ஒன்றைக் குறைத்து 199 பொட்டலத்தோடு கல்லூரி வாசலில் நிற்பவன் ‘சிறிய’ ஆள்.

இப்போது உன் கணக்கு. அதே 20ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு: கஞ்சாச் செடி எதையாவது பயிரிட்டால் பத்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். எத்தனை செடி? சொல்லவில்லை. எவ்வளவு உயரம்? சொல்லவில்லை. பூத்ததா, பூக்கவில்லையா, பிழைக்குமா, நாளைக் காலை செத்துவிடுமா? அதெல்லாம் சட்டத்துக்கு வேண்டாத விவகாரம். மலைச்சரிவில் ஓர் ஏக்கரும் ஒன்றுதான், உன் வீட்டுத் தயிர் டப்பாவில் நிற்கும் ஒன்றரை அங்குல நாற்றும் ஒன்றுதான். பத்து வருஷம், ஒரு லட்சம் என்ற இந்தக் கூலி வேறு யாருக்குக் கிடைக்கும் என்று பார்த்தேன். ஒரு கிலோவைத் தாண்டி, 20 கிலோவைத் தொடாமல் கடத்துகிறவனுக்கு. ஆக, கார் டிக்கியில் 19 கிலோ மூட்டையும் உன் தயிர் டப்பாவும் இந்தியக் குடியரசின் தராசில் சமம். கீழ்வரம்பு இல்லாததால் நீதிபதி மனம் வைத்தால் குறையலாம். மனம் வைக்கிற நீதிபதி முன்னால் உன் வழக்கு எந்த வருஷம் வரும் என்பது தனிக் கதை.

இந்தத் தம்பி தனி ஆள் இல்லை. பெங்களூரில் பிடிபட்டிருக்கிறான். 2023 ஜூனில் சிவமொக்காவில் மருத்துவ மாணவனாகப் பிடிபட்டிருக்கிறான்; வாடகை வீட்டுக்குள் விளக்குப் போட்டு வளர்த்ததாக வழக்கு. சென்னையில் ஓஎம்ஆர் பக்கத்துச் சந்துகளில் அவன் எப்படி இருப்பான் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். ஒரு சிங்கிள் பெட்ரூம். இரண்டு கட்டடத்துக்கு நடுவே விட வேண்டிய இடத்தை இரண்டு ஓனரும் ஆளுக்குப் பாதியாக விழுங்கிவிட்டதால் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குளியலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் மூஞ்சியில் அடிக்கும். உச்சி வெயிலில் டியூப்லைட் போட்டால்தான் செருப்பின் ஜோடி தெரியும். கொளுத்துகிற வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில், வெளிச்சத்துக்கு வாடகை கொடுத்து வாழ்கிற தலைமுறை இது. துளசி வைத்தாலே மூன்று வாரத்தில் குச்சியாகும் அந்த அறையில் பையன் கஞ்சா விதை போடுகிறான். விவசாயத்தில் தோற்பதற்கு இதைவிடச் சிறந்த இடம் கிடைக்காது.

அந்த நாற்றைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். நாட்டையே உலுக்கும் குற்றம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டாமா? விதை ஓட்டைத் தலையில் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு மண்ணை விட்டு வரும். ஓடு கழன்றதும் இரண்டு வித்திலை, மொழுமொழுவென்று, ஓரத்தில் பல் இல்லாமல். அதற்கு மேலே குறுக்காக முதல் ஜோடி இலை. ஓரமெல்லாம் ரம்பப் பல், ஆனால் ஒற்றை விரல்தான். அடுத்ததில் மூன்று விரல். பிறகு ஐந்து, ஏழு. டீ-ஷர்ட்டில் அச்சடிக்கிற அந்த ஏழுவிரல் இலை வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். வெளிச்சம் போதாத நாற்றுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. இலை விடுவதை விட்டுவிட்டுத் தண்டை நீட்டும். ஜன்னல் இடுக்கில் தெரிகிற வெளுத்த ஒளியைப் பார்த்துக் கழுத்தை வளைக்கும். வெளிறும், இளைக்கும். பையன் பாசத்தில் தண்ணீரை ஊற்றித் தொலைப்பான். தண்டின் அடி மண்ணோடு ஒட்டுகிற இடத்தில் கருத்து, இற்று, ஒரு விடிகாலையில் அப்படியே படுத்துவிடும்.

போதை இருப்பது பெண்செடியின் பூங்கொத்தில். இந்த வயதில் நாற்று ஆணா பெண்ணா என்றே சொல்ல முடியாது. வேரோடு பிடுங்கி மென்று தின்றாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரலாமே தவிர, கிறக்கம் வராது. ஆனால் சட்டத்துக்கு அது வந்துவிட்டது.

இனி மின்சாரம். ஜன்னல் கைவிட்டதால் பையன் ஊதா வெளிச்சம் தரும் எல்இடி ஒன்றை வாங்கி மாட்டுகிறான். 100 வாட், நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 1.8 யூனிட். இரண்டு மாத ரீடிங்குக்கு 108 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதாவது இந்தக் கொடுங்குற்றத்துக்குத் தேவையான ஒளியில் எட்டு யூனிட் தவிர மற்றதெல்லாம் அரசின் அன்பளிப்பு. என்டிபிஎஸ் 29ஆம் பிரிவின்படி உடந்தையாக இருந்தவனுக்கும் குற்றவாளிக்கும் ஒரே தண்டனை. மின்வாரியத்தின் மீது எப்போது எஃப்ஐஆர் போடப்போகிறீர்கள்? (ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் கறப்பவராக இருந்தால் அந்த இலவசம் அவர் மடியில் விழுந்திருக்கும். அந்தத் திருட்டுக்கு என்டிபிஎஸ்ஸில் ஒரு பிரிவும் கிடையாது.)

சட்டம் செடியைக் கூறுபோட்டிருக்கும் அழகையும் சொல்ல வேண்டும். சட்டப்படி ‘கஞ்சா’ என்றால் பூத்த அல்லது காய்த்த நுனி. பூநுனியோடு சேராத விதையும் இலையும் கஞ்சா ஆகாது. அந்த ஓட்டையில்தான் காசியிலும் ஜெய்சால்மரிலும் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் நடக்கின்றன. மகாசிவராத்திரிக்கு இலையை அரைத்துப் பாலில் கலக்கிப் பக்தியோடு குடிக்கிறார்கள், கலால் துறைக்கு வருமானமும் உண்டு. விதையோ இன்னும் ஒரு படி மேல். 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அதையும் அதன் எண்ணெயையும் மாவையும் உணவு என்று ஏற்றுக்கொண்டது. ‘ஹெம்ப் சீட்’ என்று லேபிள் ஒட்டினால் சாலட்டில் தூவிக்கொள்ளலாம், புரதம் அதிகமாம். இமயமலை அடிவாரத்தில் சாலையோரம் செடி தானாகவே ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதை யாரும் பயிரிடவில்லை, ஆகவே அது குற்றமற்றது. உத்தராகண்ட் 2018லேயே நாருக்காக வளர்க்க உரிமம் கொடுத்துவிட்டது.

ஆக விதை குற்றமில்லை. இலையும் குற்றமில்லை. விதைக்கும் இலைக்கும் நடுவே ஓர் அங்குலம் தண்டு இருக்கிறதே, பூ என்றால் என்னவென்றே தெரியாத தண்டு, அதற்குத்தான் பத்து வருஷம்.

அதிகாரிகள் வந்து இறங்குகிற காட்சிக்குச் சட்டத்தில் நல்ல ஏற்பாடுகள் இருக்கின்றன. 46ஆம் பிரிவின்படி தன் நிலத்தில் திருட்டுத்தனமாகக் கஞ்சா பயிராவது தெரிந்தால் நிலத்துக்காரர் உடனே தகவல் சொல்ல வேண்டும். 47ஆம் பிரிவு அரசு ஊழியர், பஞ்சாயத்துத் தலைவர், கிராம அலுவலர் எல்லாரையும் இதே கடமையில் கட்டிப்போடுகிறது. 48ஆம் பிரிவு பயிரை ஜப்தி செய்யவும் அழிக்கவும் உத்தரவிட அதிகாரம் தருகிறது. நாலு தயிர் டப்பாவை ஜப்தி செய்ய ஒரு கெஜட்டட் அதிகாரி படியேறி வருவதை நினைத்துப் பாருங்கள். தெரிந்தே இடம் கொடுத்தால் 25ஆம் பிரிவில் ஓனருக்கும் அதே பத்து வருஷம். மூன்று மாத அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுக்க இதைவிட நல்ல காரணம் எந்த ஓனருக்கும் வாய்த்ததில்லை. எனக்கு மிகவும் பிடித்தது 42ஆம் பிரிவு. வாரண்ட் இல்லாமல் சூரியன் மறைந்து மறுபடி உதிப்பதற்குள் சோதனை போட வேண்டுமானால், அதற்கான காரணத்தை அதிகாரி எழுதி வைக்க வேண்டும். அந்த அறையில் சூரியன் உதித்ததே இல்லை. காரணம் எழுதுவதா வேண்டாமா?

மறுநாள் பேப்பரில் படம் வரும். நம் எல்லாருக்கும் மனப்பாடமான படம். மேஜை மேல் பச்சைத் துணி, துணி மேல் தயிர் டப்பா, டப்பாவில் சாய்ந்து கிடக்கும் நாற்று, பக்கத்தில் எல்இடி விளக்கு, நாலு செல்போன், ஒரு எடைத்தராசு. பின்னால் நெஞ்சை நிமிர்த்தி எட்டுப் போலீஸ்காரர்கள். முன்னால் தலை குனிந்து குத்துக்காலிட்ட பையன். மஹஜரில் நாற்றின் எடை எப்படி வரும்? வேரோடு பிடுங்கி, ஒட்டிய மண்ணோடு, தேவைப்பட்டால் டப்பாவோடு. மண்ணும் கஞ்சாதான் அன்றைக்கு. பையனின் அப்பா பேர் இன்னார், சொந்த ஊர் இன்ன ஊர், படிப்பது இன்ன கல்லூரி. காலேஜ் அன்றைக்கே சஸ்பெண்ட் செய்யும். பாஸ்போர்ட் போச்சு, கேம்பஸ் வேலை போச்சு, ஊரில் தங்கை கல்யாணப் பேச்சு நின்றுபோச்சு. ஏழை வீட்டுப் பையனாக இருந்தால் இன்னொன்றும் நடக்கும்: தப்பி ஓடும்போது அல்லது பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டோடு வருவான். தமிழ்நாட்டில் காவல் நிலையப் பாத்ரூம்களைப்போல வழுக்குகிற தரை வேறெங்கும் கிடையாது. பெரிய இடத்துப் பிள்ளை போனால் மட்டும் அது எப்படியோ காய்ந்திருக்கும்.

இவ்வளவு பத்திரமாகக் கைப்பற்றிய சொத்தை என்ன செய்கிறார்கள்? 2022 நவம்பரில் உத்தரப் பிரதேச மதுராவில், இரண்டு காவல் நிலையக் கிடங்கில் இருந்த 581 கிலோ கஞ்சாவை எலிகள் தின்றுவிட்டதாகப் போலீஸ் கோர்ட்டில் சொன்னது. எலிகளுக்குப் போலீஸ் பயம் இல்லை என்ற பொருளில் கோர்ட் உத்தரவிலேயே வரி வந்தது. வடக்கே அப்படித்தான் என்று நாம் சிரித்துக்கொண்டிருந்தோம். 2023 ஜூலையில் நம் சென்னை எலிகளும் கௌரவத்தைக் காப்பாற்றின. 2020இல் பிடித்த 22 கிலோவில் பரிசோதனைக்கு அனுப்பியது போக மீதியை எலி தின்றுவிட்டது என்று போலீஸ் சொல்ல, குற்றம் நிரூபணம் ஆகாமல் இருவர் விடுதலை. 22 கிலோ என்பது ‘வணிக அளவு’. நிரூபணம் ஆகியிருந்தால் குறைந்தபட்சம் பத்து வருஷம். தம்பி, நீ மூட்டைக்காரனாகப் பிறந்திருந்தால் எலியாவது கைகொடுத்திருக்கும். வெளிறிப்போன நாற்றை எந்த எலியும் சீந்தாது; அது அப்படியே காய்ந்து, சாட்சிப் பொருளாக, வருஷக்கணக்கில் நின்று உனக்கு எதிராகப் பேசும்.

இந்தச் சட்டம் வானத்திலிருந்து விழுந்ததில்லை. வெள்ளைக்காரனே 1893இல் ஒரு கமிஷன் போட்டான். 1,193 சாட்சிகளை விசாரித்து, ஏழு தொகுதி எழுதி, அளவோடு உபயோகிப்பதில் பெரிய கேடில்லை, முழுத்தடை தேவையுமில்லை, உசிதமுமில்லை என்று 1894இல் சொன்னார்கள். சென்னை மாகாணத்தில் உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகள் நடந்துகொண்டிருந்தன. 1961இல் சர்வதேச உடன்படிக்கை வந்தது. மருத்துவத்துக்கு அல்லாத கஞ்சாவை ஒழிக்க 25 வருஷம் அவகாசம். அவகாசம் முடியப்போகிறது என்ற பதற்றத்தில் 1985 ஆகஸ்டில் மசோதா அறிமுகம், செப்டம்பரில் சட்டம், நவம்பர் 14இல் அமல். குழந்தைகள் தினத்தன்று. பிற்பாடு 2020 டிசம்பரில் வியன்னாவில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கொடிய பொருட்களின் பட்டியலிலிருந்து எடுப்பதா என்று ஓட்டெடுத்தபோது 27க்கு 25 என்று மயிரிழையில் தீர்மானம் நிறைவேறியது. எடுத்துவிடலாம் என்று கை தூக்கிய 27இல் இந்தியாவும் ஒன்று. வியன்னாவில் தாராளம், வேளச்சேரியில் கடுங்காவல்.

‘போதை இல்லாத தமிழ்நாடு’ என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து உறுதிமொழி வாங்குகிற அரசுதான், 2003 நவம்பரிலிருந்து சில்லறை சாராய வியாபாரத்தையும் தன் கையில் வைத்திருக்கிறது. 2023-24இல் டாஸ்மாக் வருமானம் 45,000 கோடிக்கு மேல். அடுத்த கோடையில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மெத்தனால் குடித்துச் செத்தார்கள். அரசு விற்கிற போதை குடிமகனின் கடமை, அரசு விற்காத போதை தேசத்துரோகம். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு நாக்கு கூசுகிறது.

வெளியூரில் என்ன செய்கிறார்கள்? ஜெர்மனிக்காரன் 2024 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் வயது வந்தவன் வீட்டில் மூன்று செடி வளர்த்துக்கொள்ளலாம் என்றான். பிள்ளைகள் கை படாமல் பூட்டி வை, ஐம்பது கிராமுக்கு மேல் காயவைத்துச் சேர்க்காதே என்று ஜெர்மானியத்தனமாக வரம்பும் போட்டான். அங்கே குளிர்காலத்தில் வெயில் எட்டிப் பார்ப்பதே அதிசயம். அவனும் விளக்கடியில்தான் நாற்றைக் கெஞ்சிக்கொண்டிருப்பான். ஆனால் நாற்று படுத்துவிட்டால் அவனுக்கு நஷ்டம் ஒரு விதை. நம் பையனுக்குப் பத்து வருஷம்.

தாய்லாந்து கதை வேறு மாதிரி. 2022 ஜூனில் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தார்கள். சுகாதார அமைச்சர் அனுதின் சான்விரகுல் பத்து லட்சம் நாற்றுகளை வீடுவீடாக இலவசமாகக் கொடுக்கிறேன் என்றார். நாம் மிக்ஸி கொடுத்தோம், அவர்கள் நாற்று. முறைப்படுத்தும் சட்டம் போடாமலே கடையைத் திறந்துவிட்டதில் தெருவுக்குத் தெரு கஞ்சாக் கடை முளைத்தது. 2025 ஜூனில், மருத்துவச் சீட்டு இல்லாமல் பூ விற்கக்கூடாது என்று பல்டி. அதே அனுதின் அந்த செப்டம்பரில் பிரதமர். கட்டுப்பாடு இல்லாத தாராளமும் பைத்தியக்காரத்தனம்தான் என்பதற்கு பாங்காக் சாட்சி. அதன் கொழுத்த பக்கவிளைவு நம் மீனம்பாக்கத்தில் வந்து இறங்குகிறது. பாங்காக் விமானத்தில் சூட்கேஸின் அடித்தட்டில், பிஸ்கட் பாக்கெட்டில், ‘ஹைட்ரோபோனிக்’ கஞ்சா. கிலோவுக்குக் கோடி ரூபாய் என்று சுங்கத்துறை மதிப்புப் போடுகிறது. விளக்கடியில், வெயில் படாமல், மண்ணே இல்லாமல் வளர்ந்த பூ அது. நம் பையன் டப்பாவில் செய்யத் தெரியாமல் தோற்ற அதே வேலையை எவனோ ஆலையாகச் செய்து இங்கே அனுப்புகிறான். சூட்கேஸைத் தூக்கி வருகிற குருவி மாட்டுகிறது. அனுப்பினவன் பேர் பத்திரிகைச் செய்தியில் வந்து நான் பார்த்ததில்லை.

கஞ்சா நல்லது என்று இங்கே யாரும் வக்காலத்து வாங்கவில்லை. வளர்கிற மூளைக்கு அது கேடு. பதினைந்து வயதில் தொடங்கி இருபதில் யாரோ தன்னைப் பின்தொடர்வதாகக் காதைப் பொத்திக்கொண்டு உட்காருகிற பிள்ளைகளை மனநல மருத்துவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பள்ளி வாசல் பெட்டிக்கடையில் கஞ்சா சாக்லேட் விற்கிறவனைப் பிடித்து உள்ளே போட்டால் நானும் கை தட்டுவேன். என் ஆத்திரமெல்லாம் வேறு. அந்தச் சாக்லேட்காரன் ‘சிறிய அளவு’ காட்டி ஒரு வருஷக் கணக்கில் நிற்கிறான், அவனிடம் இனி வாங்கப் போகவேண்டாம் என்று விதை போட்டவன் பத்து வருஷக் கணக்கில் நிற்கிறான். வியாபாரியிடமிருந்து வாடிக்கையாளன் நழுவிவிடாமல் இவ்வளவு விசுவாசமாகக் காவல் காக்கிற சட்டத்தை எந்த முதலாளியும் காசு கொடுத்துக்கூட எழுதி வாங்க முடியாது.

தமிழ்நாட்டில் கஞ்சாச் சாகுபடி பூஜ்யம் என்று ஆட்சியில் இருப்பவர்கள் அவ்வப்போது பெருமையடித்துக்கொள்வதுண்டு. இருக்கட்டும். விளைவது பூஜ்யம், பிடிபடுவது மூட்டை மூட்டையாக. ஆந்திராவின் அல்லூரி சீதாராம ராஜு மாவட்ட மலையிலும் ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் பக்கமும் பழங்குடி மக்கள் விளைவிக்கிறார்கள். ரயிலிலும் லாரியிலும் இங்கே வருகிறது. ஒரு பங்கு இங்கே புகைகிறது, மறு பங்கு வேதாரண்யம், ராமநாதபுரம் கரையிலிருந்து படகேறி இலங்கைக்குப் போகிறது. மலையில் விளைவித்தவனுக்குக் கிடைப்பது சொற்பம். ரயிலில் தூக்கி வந்தவன் 20 கிலோவைத் தாண்டியிருந்தால் ஜாமீனே குதிரைக்கொம்பு, விசாரணைக் கைதியாகவே இளமை முடியும். நம் ஊரில் கஞ்சாவுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. யாரையாவது வழிக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், “கஞ்சா கேஸ் போட்டுருவேன்” என்ற ஒரு வார்த்தை போதும். டீக்கடையில் அதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படுவதில்லை. செடியே இல்லாதவன் மீதும் பாய்கிற கேஸ் அது. அதற்குமேல் குண்டாஸ், 1982ஆம் வருஷத்து அந்தச் சட்டத்திலும் போதைப்பொருள் குற்றவாளிக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

சரி, இந்த மூட்டைகளுக்கெல்லாம் முதல் போட்டவன் எங்கே? அவனுக்கும் பிரிவு உண்டு. 27ஏ. கடத்தலுக்குப் பணம் கொடுப்பவனுக்கும் கடத்தல்காரனுக்கு அடைக்கலம் கொடுப்பவனுக்கும் பத்து முதல் இருபது வருஷம். 2014இல் சட்டத்தைத் திருத்தியபோது வரையறைப் பகுதியில் புதிதாக ஒரு உட்பிரிவைச் செருகினார்கள். அதனால் ‘சட்டவிரோதக் கடத்தல்’ என்பதன் வரையறை ஓர் எண் கீழே இறங்கியது. 27ஏ-வில் பழைய எண்ணை மாற்ற மறந்துவிட்டார்கள். மே 1, 2014 முதல், முதலாளியைத் தண்டிக்கும் பிரிவு வேறெதையோ சுட்டிக்காட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. சட்ட அமைச்சகம், உள்துறை, நிதித்துறை, இரண்டு அவைகள், ஆயிரக்கணக்கான அரசு வக்கீல்கள், யார் கண்ணிலும் ஏழு வருஷம் படவில்லை. 2021இல் திரிபுரா உயர் நீதிமன்றம் இதைச் சொன்ன பிறகுதான் டெல்லி விழித்துக்கொண்டது. செப்டம்பர் 30இல் அவசரச் சட்டம், டிசம்பரில் நாடாளுமன்றம். எண்ணை மாற்றினார்கள், 2014 மே 1 முதலே அப்படித்தான் இருந்ததாகப் பாவித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரியும் எழுதிக்கொண்டார்கள்.

அந்த ஏழு வருஷமும் 20ஆம் பிரிவு ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. தயிர் டப்பாக்காரனைத் தண்டிக்கிற வரியில் ஒரு கால்புள்ளி பிசகவில்லை. 2021 டிசம்பரில் சட்டப் புத்தகம் அவர்கள் கையில் திறந்துதான் இருந்தது. 27ஏ-விலிருந்து 20க்குப் பின்னால் நாலைந்து பக்கம்கூட இருக்காது. திருப்பவில்லை.